செஞ்சிக் கோட்டையின் நீரரண்

கோட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன வானளாவிய மதில்களும், இரும்பு முள் பதித்த கதவுகளும், பீரங்கிகளுமே. மதிலை எழுப்பியவர் யார், இடித்தவர் யார் என்பதை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறும். ஆனால், அம்மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்த வீரரும், பெண்டிரும், குழந்தைகளும், குதிரையும் யானையும் மாதக் கணக்கில் எதைப் பருகி உயிர் வாழ்ந்தனர் என்னும் கேள்வியை நாம் எழுப்புவது அரிது. முற்றுகையிட வந்த படைத்தலைவனோ அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டிருப்பான். உள்ளே இருப்பவர்க்குத் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும் என்பது தெரிந்தால், மதிலை இடிப்பதா, வெளியே காத்திருப்பதா என்பதை அவன் முடிவு செய்துவிடலாம் அல்லவா?

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். திருக்குறளில் 'அரண்' என்று ஓர் அதிகாரம் உண்டு. அரண் எனப்படுவது எவற்றையெல்லாம் உடையதாக இருத்தல் வேண்டும் என்று சொல்லும்போது, நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் வள்ளுவர் கூறுகிறார். அவற்றுள் நீரையே முதலில் வைக்கிறார். மாணவ நண்பர்களாகிய நீங்கள் அக்குறளை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதன் பொருளைக் கல்லிலும் மண்ணிலும் கண்ணாரக் காண விரும்பினால் செஞ்சிக்குப் போக வேண்டும்.

சென்ற மார்கழித் திங்களில் ஒரு நாள் நண்பர் ஒருவருடன் அங்கே போய்வந்தேன். அவர் செஞ்சிக்கு அருகிலுள்ள தொண்டூரில் பிறந்தவர். கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர். அவருடைய ஊர் சிறிய ஊரே எனினும் பழமையில் சிறியதன்று. அங்குள்ள குன்றில் சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைகளும், தமிழ் பிராமி எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. செஞ்சியில் கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்பாறைகளில் மனிதர் தங்கினர் என்பதற்கு அவை சான்று. நானோ ஏரி, வாய்க்கால் பணிகளிலேயே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்தவன். ஆகவே, அவர் கண் அரசர்களைத் தேடும்; என் கண் மடையையும் மதகையும் கலிங்கையும் தேடும். இருவரும் ஒரே கோட்டையைப் பார்க்கப் போனோம் என்று சொல்வதே கடினம்.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருஞ்சாலை செஞ்சிக் கோட்டையை ஊடறுத்துச் செல்கிறது. மேற்கே இராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என மூன்று மலைகள் முக்கோணமாக நிற்கின்றன. இம்மூன்றையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சில இடங்களில் அதன் அகலம் 60 அடி. அதனை அடுத்த அகழியின் அகலம் 80 அடி. மலைகளுள் உயர்ந்தது இராஜகிரி. ஏறத்தாழ 800 அடி உயரம். தூரத்திலிருந்து பார்க்கும்போது, யாரோ ஓர் அரக்கன் கூடை கூடையாகப் பாறைகளைக் கொட்டிக் குவித்தாற்போல இம்மலைகள் தோன்றும். உண்மையில் எவரும் குவிக்கவில்லை. ஒரே கற்பாறையாக இருந்ததில் வெடிப்புகள் தோன்றின. வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கியது. மூலைகளும் விளிம்புகளும் முதலில் உளுத்து உதிர்ந்தன. நடுவிலிருந்த உறுதியான பகுதி உருண்டையாக எஞ்சியது. இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நீர் செய்த சிற்பவேலை இது. அந்த வெடிப்புகளையும் குழிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

இராஜகிரியின் அடிவாரத்தில் உட்கோட்டை. அதனுள் யானைக்குளம், குதிரை லாயங்கள், களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம் முதலியன உள்ளன. எல்லாவற்றையும்விடக் கண்ணைக் கவர்வது கல்யாண மகால். சதுரமான முற்றத்தின் நடுவே எட்டு நிலைகளுடன், ஏறத்தாழ 80 அடி உயரத்தில், கூம்பிய முடியோடு நிற்கும் கோபுரம் அது. ஒவ்வொரு நிலையிலும் ஒரு சிறிய அறை. அறையைச் சுற்றி வளைவுகள் அமைந்த தாழ்வாரம். நண்பர் அதன் கட்டட அமைப்பில் இந்து, இசுலாமிய மரபுகள் கலந்திருப்பதை விளக்கிக்கொண்டே வந்தார். நான் சுவரைத் தடவிக்கொண்டு வந்தேன். அங்கே மண்குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன என்றும், ஆறாம் நிலை வரையில் அவற்றின் வழியே நீர் ஏறியது என்றும் தொல்லியலார் கூறுவர்.

மேல்மாடிக்கு நீர் எப்படி ஏறும்? இன்று மின்னிறைப்பி இருக்கிறது, அன்று இல்லை. பள்ளியில் நீங்கள் படித்த ஒரு சிறு விதியே அதற்கு விடை. தண்ணீர் தன் மட்டத்தைத் தேடும். வளைந்த குழாயின் ஒரு முனையில் நீரை ஊற்றினால் மறுமுனையிலும் அதே மட்டத்துக்கு அது ஏறி நிற்கும். இடையில் குழாய் பள்ளத்தில் இறங்கினாலும் கவலையில்லை. ஆகவே, மாடியைவிட மேடான இடத்தில் ஒரு நீர்நிலை இருக்க வேண்டும். அல்லது உயரமான தொட்டி ஒன்றில் ஏற்றத்தாலோ கவலையாலோ நீரை இறைத்து நிரப்ப வேண்டும். மலையடிவாரத்தில் குடியிருப்பவனுக்கு மேடான இடத்துக்கு என்ன பஞ்சம்! இலங்கையில் ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த சிகிரியாவில் இதே விதியைக் கொண்டு நீரூற்றுகளைச் செய்தார்கள். மேட்டுக் குளத்து நீர் நிலத்தடிக் கால்வாய் வழியே வந்து, துளையிட்ட கல் வழியாகப் பீச்சும். மழைக்காலத்தில் அவை இன்றும் இயங்குகின்றன. செஞ்சியின் மண்குழாயோ உடைந்துவிட்டது. சுட்ட மண்ணின் குறை அது, அமைத்தவனின் குறையன்று.

பின்னர் இராஜகிரியில் ஏறத் தொடங்கினோம். படிகள் நன்றாக அமைந்துள்ளன. ஆனால் அவை ஓய்வதாக இல்லை. வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் இருக்கிறது. வாயில் ஒன்றைக் கடந்தால் மற்றொரு வாயில். அதைக் கடந்தால் இன்னொன்று. உச்சியை நெருங்கும்போது மலை திடீரென இரண்டாகப் பிளந்து நிற்கிறது. அப்பிளவின் அகலம் 24 அடி, ஆழம் 60 அடி. அதன்மேல் ஒரு பாலம் உண்டு. முற்காலத்தில் பகைவர் வரும்போது மரப்பாலத்தை இழுத்துவிட்டால், பத்துப் பேர் நின்று ஒரு படையையே தடுத்துவிடலாம் என்பார்கள். அங்கே நின்று கீழே பார்த்தபோது நானும் அதை நம்பினேன்.

உச்சியில் அரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் பிற கட்டடங்களும் உள்ளன. ஆனால் 800 அடி உயரத்து மொட்டைப் பாறையில் தண்ணீர் ஏது? மலைமீது இரண்டு நன்னீர்ச் சுனைகள் உண்டு. அவற்றுக்குக் கீழே மழைநீரைத் தேக்க மூன்று நீர்நிலைகளை அமைத்திருக்கின்றனர். சுனை என்பது மந்திரமன்று. நான் முன்பு கூறிய வெடிப்புகளில் இறங்கிய மழைநீர், வெயில் படாமல் பாறையின் வயிற்றுக்குள் தங்கிச் சிறிது சிறிதாகக் கசிந்து குழியில் சேர்கிறது, அதுவே சுனை. தேக்கும் முறையோ அதனினும் எளியது. மண் நீரைக் குடித்துவிடும். மொட்டைப் பாறை குடிக்காது. பெய்ததில் பெரும்பகுதி வழிந்தோடும். வழிகின்ற இடத்தில் ஒரு கரையைக் கட்டிவிட்டால் போதும்.

நண்பர் சிரித்தார். "மழையை நம்பியா ஓர் அரசு இருந்தது?" என்று கேட்டார்.

அவருக்காகப் பாறையிலேயே உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். உங்களுக்கும் அது பயன்படும். ஓர் எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அவ்வளவு பரப்புள்ள பாறையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், விழும் நீர் 500 கன மீட்டர். அதாவது 5 இலட்சம் லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 1,000 பேருக்கு அது 100 நாள் வரும். வெயிலில் ஆவியாவதும் பாறையிடுக்கில் ஒழுகுவதும் போகப் பாதியே எஞ்சினாலும் 50 நாள். இதுவோ ஒரே ஒரு நாளின் நல்ல மழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை இப்பகுதியில் எத்தனையோ நாள் அப்படிப் பெய்யும்.

இந்தச் சிக்கனக் கணக்கைப் பாலைவன நாட்டாரும் அறிந்திருந்தனர். சாக்கடலின் கரையிலுள்ள மசாதா என்னும் மலைக்கோட்டையில், எப்போதோ பெய்யும் மழையைப் பாறைத் தொட்டிகளில் சேர்த்து வைத்திருந்தார்கள். கி.பி. 73-74-இல் உரோமப் படை அதை வளைத்தபோது, வெளியே இருந்த உரோமர்தாம் தங்களுக்கு வேண்டிய நீரைத் தொலைவிலிருந்து சுமந்துவர நேர்ந்தது. தண்ணீர் உள்ளவன் உள்ளே, தாகமுள்ளவன் வெளியே!

செஞ்சியின் வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1200-ஆம் ஆண்டையொட்டி ஆனந்தக் கோன் என்பவர் இராஜகிரியில் கோட்டையைத் தொடங்கினார் என்பது மரபு. விஜயநகரப் பேரரசின் கீழ் நாயக்கர்கள் அதைப் பெருநகரமாக்கினர். 1597-இல் இங்கு வந்த பிமெண்டா என்னும் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துகல் நாட்டு நகரம் எதனினும் இது பெரியது என்று வியந்து எழுதினார். 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படையும், 1677-இல் சிவாஜியும் கோட்டையைக் கைப்பற்றினர். சிவாஜியின் மகன் இராஜாராம், மொகலாயரிடமிருந்து தப்பி 1689-இல் இங்கே வந்து சேர்ந்தார். அவரைப் பிடிக்க ஔரங்கசீப் அனுப்பிய தளபதி ஜுல்பிகர்கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை அவர் கைக்கு வந்தது 1698-இல்! இடையில் இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார்.

ஏழாண்டுக்கு மேல் ஒரு கோட்டை எப்படித் தாங்கியது? சுனையடியில் எங்களுக்குள் நடந்த வாதம் இதுதான். நண்பர் சொன்னார்: "அது முழு முற்றுகையன்று. மூன்று மலைகளையும் சுற்றி வளைக்க ஜுல்பிகர்கானிடம் போதிய படையில்லை. மராட்டியர் உள்ளே வந்தும் வெளியே போயும் இருந்தனர். தளபதியே வேண்டுமென்று காலம் கடத்தினார் என்ற ஐயமும் அக்காலத்தவர்க்கு இருந்தது. சாந்தாஜியும் தானாஜியும் 1692-இன் இறுதியில் வந்து தானிய வரத்தை அடைத்தபோது, பட்டினி கிடந்தவர்கள் முற்றுகையிட்ட மொகலாயர்களே. 1693-இல் அவர்கள் வந்தவாசிக்குப் பின்வாங்கவும் நேர்ந்தது. நீங்கள் எல்லாவற்றையும் தண்ணீரில் கொண்டுபோய்க் கரைக்கிறீர்கள்!"

அவர் கூறிய நிகழ்ச்சிகள் யாவும் உண்மையே. ஆனால் அவையே என் கட்சிக்கும் துணை செய்கின்றன. இரவில் பத்து மாடுகளின் முதுகில் தானியம் கொண்டுவரலாம்; அது பல நாளைக்கு வரும். தண்ணீரை அப்படிக் கொண்டுவர இயலுமா? 1,000 பேருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்றாலே 5,000 கிலோ எடை. குதிரைகளையும் யானைகளையும் சேர்த்தால் கணக்கு எங்கோ போய்விடும். வேல், வெடிமருந்து, நெல் ஆகிய எல்லாவற்றையும் வெளியிலிருந்து பெறலாம்; நீர் ஒன்றை மட்டும் கோட்டை தனக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். மராட்டியர் வெளியே சென்று போரிட்டு மீள முடிந்ததும், உள்ளே இருந்தவர்கள் தாகத்தால் கதவைத் திறந்துவிட மாட்டார்கள் என்ற உறுதியால்தான்.

இதற்கு நண்பர் கொடுத்த மறுமொழியை நான் மதிக்கிறேன். "அப்படியானால் 1750-ஐ என்ன செய்வீர்கள்?" என்றார். அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை நகரவாயிலை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே புகுந்து, விடிவதற்குள் மூன்று மலைகளையும் பிடித்துவிட்டது. விடிந்தபின் தாங்கள் ஏறிவந்த உயரத்தைப் பார்த்து அவர்களே திகைத்தார்கள் என்பர். சுனைகளும் குளங்களும் அன்றும் நிறைந்துதான் இருந்தன. ஆம், கோட்டைகளுக்கு இரண்டு வகை மரணம் உண்டு. ஒன்று, தாகத்தாலும் பசியாலும் மெல்ல வருவது. மற்றொன்று, அஞ்சிய காவலரின் நடுவே ஓரிரவில் வருவது. நீரரண் முதல் வகைக்கு மருந்து. இரண்டாவதற்கு அது மருந்தன்று. இதில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்பட்டது.

பிற்பகலில் மலையை விட்டிறங்கி, அடிவாரத்திலுள்ள சக்கரகுளத்துக்கும் செட்டிகுளத்துக்கும் சென்றோம். செஞ்சிக்குப் போகிறவர்களில் பலர் மலையேறிய களைப்பில் இக்குளங்களைப் பாராமலே திரும்பிவிடுகின்றனர். அது பெரிய இழப்பு. மலைச்சரிவில் வழியும் நீரெல்லாம் வந்து சேரும் இடத்தைப் பார்த்துப் பார்த்துக் குளம் வெட்டியிருக்கிறார்கள். செட்டிகுளத்தின் கரையில் நின்றால், இராஜகிரி தலைகீழாக நீருக்குள் நிற்கிறது. காற்று அசைந்தால் கோட்டை உடைகிறது. காற்று நின்றால் மீண்டும் எழுகிறது. நாங்கள் அங்கே நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம்.

இவ்வழகிய நீருக்கு இன்னொரு முகமும் உண்டு. 1750-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் 1761 வரை அதை வைத்திருந்தனர். கர்நாடகத்திலேயே மிகவும் நோய் மிகுந்த இடங்களுள் ஒன்று செஞ்சி என்றும், பத்தாண்டுகளில் பிரெஞ்சுக்காரர் இங்கே 1,200 ஐரோப்பிய வீரர்களை இழந்தனர் என்றும் ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதியிருக்கிறார். இங்கே ஒரே சமயத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் இருந்ததில்லை என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்த எண்ணிக்கை எவ்வளவு கொடியது என்பது விளங்கும். காற்றில் நஞ்சு இருக்கிறது என்று அக்காலத்தவர் நினைத்தனர். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்ட பிறகே உலகுக்கு உண்மை தெரிந்தது. செஞ்சிக் காய்ச்சல் மலேரியாவே என்று சாதிக்க என்னிடம் ஆவணமில்லை. எனினும் தெளிந்து தேங்கிய நீரிலும் பாறைக்குழிகளிலும் முட்டையிடும் அனோபிலிஸ் கொசுவுக்கு இதனினும் ஏற்ற இடம் வேறு எது? பகைவரை வெளியே நிறுத்திய அதே நீர், காவலரை உள்ளேயே கொன்றிருக்கக்கூடும்.

சக்கரகுளத்துக்கு அருகே 'கைதிக் கிணறு' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். பெயர்தான் கிணறு, அதில் நீரில்லை. பெரிய பாறை ஒன்றின் உச்சியில் இயற்கையாக அமைந்த குழியைச் சுற்றிச் செங்கல்லால் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மரண தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளி, உணவும் நீரும் இன்றிச் சாகவிட்டனர் என்று கூறுவர். சுற்றிலும் இத்தனை குளங்களை வைத்துக்கொண்டு, நடுவிலே தாகத்தைத் தண்டனையாக வைத்தார்கள்! தண்ணீரின் அருமையை அறிந்தவனுக்குத்தான் இப்படியொரு கொடுமை தோன்றும் போலும்.

செட்டிகுளக் கரையிலேதான் தேசிங்குராஜனின் உடல் எரியூட்டப்பட்டதாகச் சொல்லுகிறார்கள். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு பொருது 1714 அக்டோபர் 3-ஆம் நாள் அவன் மடிந்தான். அவன் தோழன் மகபத்கானும் அதே போரில் உயிர் துறந்தான். இந்துவும் முஸ்லிமுமாகிய இவ்விருவரின் நட்பைத் தெருக்கூத்தும் கதைப்பாட்டும் இன்றுவரை மறக்கவில்லை. தேசிங்கின் இளமனைவி அவனுடன் தீப்பாய்ந்தாள் என்றும், நவாப் அவள் நினைவாகவே இராணிப்பேட்டைக்கு அப்பெயரை இட்டான் என்றும் கூறுவர். நண்பர் அதை உருக்கமாகச் சொன்னார். எனக்கு உருக்கத்தைவிடச் சினமே மிகுந்தது. காலடியில் குளம் நிறைய நீர் இருந்தும், அந்தப் பெண்ணை எரித்த தீயை அணைக்க ஒரு குடம் எடுத்து ஊற்ற அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வழக்கத்தைச் சட்டம் தடுத்தது 1829-இல்தான்.

மாலையில் கீழ்க்கோட்டையிலுள்ள வேங்கடரமணசுவாமி கோயிலைப் பார்த்தோம். கோட்டை 1921-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. 2025 ஜூலையில், மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலக மரபுச் சின்னங்களின் வரிசையிலும் சேர்ந்தது. அப்பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே. இனி மதில்களுக்குப் பழுது பார்ப்பார்கள், பார்க்கட்டும். அதைப் பார்ப்பவர்கள் குளங்களுக்கு நீர் கொண்டுவரும் ஓடைகளையும் தூர்வார வேண்டும் என்பது என் விண்ணப்பம். வரத்துக்கால் அடைபட்ட குளம் வெறும் பள்ளமேயாகும்.

அக்கோயிலின் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டு சென்றுவிட்டனர். இம்மலைகளில் வழியும் நீரும் அவ்வூர்ப் பக்கமே செல்கிறது. செஞ்சியாறு என்று நாம் வழங்கும் சங்கராபரணி ஆறு, 1959-இல் கட்டிமுடிக்கப்பட்ட வீடூர் அணையில் சற்றே தங்கி, வழியிலுள்ள வயல்களுக்குப் பாய்ந்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. புதுச்சேரிக் கடற்கரைக்குச் சென்றால் காந்தியடிகளின் சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைக் காணலாம். அவை செஞ்சியிலிருந்து வந்தவை என்பர். கைவைத்துப் பாருங்கள். கடற்காற்றின் ஈரம் அவற்றில் எப்போதும் இருக்கும்.